ஒத்தக் கால் வலி

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே கால் மணி இருக்கும். மருந்துக்கடையின் ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு, முந்தின நாள் வந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தேன்மொழி போன் செய்தாள். "செல்வி, கேப்டன் ஆட்டோ ஸ்டாண்டுல வுழுந்துட்டா. மூச்சு வுட முடியலயாம். செங்கல்பட்டுக்கு இட்டுகினு போறாங்க" என்றாள். நான் பதிலுக்கு என்ன கேட்டேன் என்று அவளுக்கு ஞாபகம் இருக்கும். "யார் மேலயாவது கோச்சுகினு நடிக்கிறாளா?" என்று கேட்டேன். அரை மணி நேரம் கழித்து அவளே மறுபடி கூப்பிட்டாள். அழுகை மட்டும்தான் வந்தது.

அப்படித்தான் நம் சகுந்தலா போன செய்தி எனக்கு வந்தது. திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டியவள், நம் பெண்கள் கபடி அணியின் கேப்டன், முப்பத்தெட்டு வயதுக்காரி. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் பெயரில் ஒரு போட்டி வைத்திருக்கிறீர்கள். அன்று கொடுக்கப்போகிற நோட்டீஸின் பின்பக்கத்துக்கு, "நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடு செல்வி" என்று கேட்டீர்கள். உட்கார்ந்தேன். நாலு வார்த்தையோடு நிற்கவில்லை, நல்லதாகவும் வரவில்லை. இடம் போதவில்லை என்றால் அச்சடிக்க வேண்டாம். ஆட்டம் தொடங்கும் முன் எல்லாரையும் உட்காரவைத்து யாராவது படித்துவிடுங்கள்.

செத்தவர்களைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்பார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் சகுந்தலாவைப் பற்றிப் பேச ஒன்றுமே மிஞ்சாது. வாயைத் திறந்தால் விஷம். அக்கா என்று கூப்பிட்டால்கூட, "அக்கா வூட்டுல. மணல்ல கேப்டன்" என்பாள். நம் பதினோரு பேரில் அவளிடம் ஏச்சு வாங்கி அழாதவள் ஒருத்தி உண்டா? உண்டு என்றால் கையைத் தூக்குங்கள், நான் இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

என்னை அவள் பிடித்த கதையே ஒரு அவமானம்தான். தலைவலி மாத்திரை வாங்கக் கடைக்கு வந்தாள். நான் சும்மா இல்லாமல் வாசலில் இருக்கிற எடை மெஷின்மேல் ஏறி நின்றிருந்தேன். எட்டிப் பார்த்தாள். நாற்பத்தொரு கிலோ. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கெல்லாம் கடற்கரைக்கு வந்துவிட வேண்டும் என்றாள். எனக்குக் கபடி தெரியாதே என்றேன். "நீ இன்னாத்துக்கு ஆடணும்? எங்க மேல நடந்தா போதும்" என்றாள். முதலாளி சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் போனேன். ஒல்லிக்குச்சி, ஊதினால் பறந்துவிடுவாள் என்றே கேட்டு வளர்ந்த ஒருத்தியிடம் முதல்முறையாக ஒருவர் அவளுடைய எடை உபயோகப்படும் என்று சொன்னால் போகத்தான் தோன்றும்.

வெளியூர்க்காரர்கள் யாராவது படித்தால் தெரிய வேண்டும் என்பதற்காக நம் மிதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மணலில் ஓடினால் தொடைக்கு ஒன்றும் ஆகாது, கெண்டைக்கால்தான் செத்துப்போகும். கால் உள்ளே இறங்க இறங்க, அதைப் பிடுங்கி எடுக்கிற வேலை முழுக்க அந்தச் சதைக்குத்தான். ஓட்டம் முடிந்ததும் எல்லாரும் படகுகளுக்குப் பக்கத்தில் வரிசையாகக் குப்புறப் படுப்பார்கள். நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தியின் கெண்டைக்கால்மீதும் ஏறி, கணுக்காலிலிருந்து முழங்கால் குழிவரை குதிகாலால் மிதித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு காலுக்கு நாற்பது எண்ணிக்கை. முதல் பத்துக்குக் கத்துவார்கள், அடுத்த பத்துக்குத் திட்டுவார்கள், கடைசியில் தூங்கிவிடுவார்கள். கேப்டன் எப்போதும் கடைசி ஆள். அவள் மட்டும் கத்தமாட்டாள்.

அது போதாதவர்களுக்கு மீன் பெட்டி. குப்பத்தில் ஏலம் முடிந்ததும் மிச்சமிருக்கிற ஐஸை அவள் மிரட்டி வாங்கி வந்து பெட்டியில் கொட்டுவாள். அதில் முழங்கால்வரை இறங்கி நிற்க வேண்டும். வலி போகும், நாற்றம் போகாது. நான் முதல் வாரம் நின்றுவிட்டுக் கடைக்குப் போனபோது, மருந்து வாங்க வந்த ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு இருமல் மருந்தே வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டார்.

மிதிக்க வந்தவளை அவள் ஓடவும் விட்டாள், போகப்போக ரெய்டு போகவும் பழக்கினாள். முதல் நாள் ஆறு ரவுண்டு. மறுநாள் காலையில் எனக்குக் கட்டிலைவிட்டு எழுந்து குதிகாலைத் தரையில் வைக்க முடியவில்லை. வீட்டுக் கழிப்பறையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் போராடினேன். போன் செய்து சொன்னேன். ஆட்டோவோடு வந்தாள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவாள் என்று நம்பி ஏறினால், மலைக்கோயில் அடிவாரத்தில் இறக்கிவிட்டு, ஏறு என்றாள். ஏறுவதுகூடப் பரவாயில்லை. இறங்கும்போதுதான் உயிர் போனது. கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். கும்பிட வந்த கூட்டம் எனக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டது. கீழே அவள் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். "ரெண்டு காலும் வலிக்குதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்போதுதான் அந்த வாசகத்தை முதல்முறையாகச் சொன்னாள். "ரெண்டு காலும் வலிச்சா ப்ராக்டீஸு. ஒத்தக் கால் வலிச்சா நடிப்பு."

அதற்கு அவள் சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது. மணலில் ஓடினால் இரண்டு காலும்தான் உழைக்கிறது, ஒன்று மட்டும் எப்படி வலிக்கும்? டிமிக்கி கொடுக்க நினைக்கிறவள்தான் ஒரு காலைத் தேர்ந்தெடுத்து நொண்டுவாள், சற்று நேரத்தில் எந்தக் கால் என்று மறந்தும்போவாள். ஒத்தக் கால் வலி என்று வருகிறவளுக்குப் பத்து ரவுண்டு என்று சட்டம் போட்டாள். தேன்மொழி, நீ கோபித்துக்கொள்ளாதே. உன் சித்தி மகள் கல்யாணத்துக்குக் கருங்குழிக்குப் போக வேண்டும் என்று இடது காலை இழுத்துக்கொண்டு வந்தாயே. நாங்கள் எல்லாரும் கைதட்டி எண்ண, ஐந்தாவது ரவுண்டில் வலது காலை நொண்டினாய். அன்று நாம் மணலில் உருண்டு சிரித்தோம். அந்தச் சட்டத்தை அதன்பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

என் கடை முதலாளிக்கும் ஒரு சட்டம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே சொல்லிக்கொடுத்தார். இரண்டு காலும் வலிக்கிறது என்று வந்தால் தைலம் கொடு, ஸ்ப்ரே கொடு. ஒத்தக் கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தால் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதே, நேரே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பு. உள்ளே ரத்தம் கட்டியிருக்கும், தேய்க்கவும் கூடாது, அமுக்கவும் கூடாது. போன வருஷம் மதுராந்தகத்துப் பக்கமிருந்து ஒரு விவசாயி அப்படி வந்தார். தைலம் போதும் என்று அடம்பிடித்தார். நான் சண்டை போட்டு, என் கையாலேயே பஸ் ஏற்றி அனுப்பினேன். பிழைத்து வந்து எனக்கு ஒரு பை கொய்யா கொடுத்துவிட்டுப் போனார். பாருங்கள், இரண்டு சட்டமும் எனக்குத் தெரியும். கடையில் ஒன்று, மணலில் ஒன்று. இரண்டும் நேர் எதிர் என்று ஒருநாளும் எனக்கு உறைத்ததில்லை.

தென்காசிப் பக்கத்துப் போட்டியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் எல்லாம் தொடங்கியது. மூன்று நாள் போட்டி. அந்த மூன்று நாளில் யாருக்கும் மாதவிலக்கு வந்துவிடக் கூடாது என்று கேப்டன் உத்தரவு போட்டாள். தேதி தள்ளிப்போடுகிற மாத்திரையை நான்தான் கொண்டுவந்தேன், முதலாளி இல்லாத நேரம் பார்த்து, டாக்டர் சீட்டு எதுவும் இல்லாமல். ஒருத்தி தயங்கினாள். "கோயிலுக்குப் போறதுக்கே போடறாளுங்க. கப்புக்குப் போடக் கூடாதா?" என்று கேப்டன் அவள் வாயை அடைத்தாள். எல்லாருக்கும் முன்னால் முதல் மாத்திரையை அவளே விழுங்கினாள்.

அரையிறுதியில் கடைசி ரெய்டு என்னுடையது. ஒரு புள்ளி வேண்டும். ஓரத்தில் நின்றவளைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். நடுக்கோட்டுக்கு இரண்டடி இருக்கும்போது வலது கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிப் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்துவிட்டேன். ஐந்து பேர் மேலே விழுந்தார்கள். தோற்றோம். வேனில் திரும்பி வந்த பதின்மூன்று மணி நேரமும் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கால் வலி என்று சொன்ன பெண்ணுக்குத் தன் சீட்டைக் கொடுத்துவிட்டு, டிரைவர் பக்கத்தில் இன்ஜின் பெட்டிமேல் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. டீக்கு நிறுத்தியபோதும் இறங்கவில்லை. செங்கல்பட்டு பைபாஸில் இறங்கி நின்ற பிறகுதான் வாயைத் திறந்தாள், அதுவும் அத்தனை பேருக்கு முன்னால். "செல்வி, உன் கால்ல சதை கம்மி. சாக்குதான் ஜாஸ்தி. நீ மிதிக்கறதுக்கு மட்டும் வா." என் புருஷன் வண்டியோடு எனக்காகக் காத்திருந்தார். அவர் காதிலும் விழுந்தது.

அந்த வார்த்தை என்னை எப்படி அறுத்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. மூன்று வருஷம் ஓடியவள் நான். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அவளுக்கு ஒருநாள் வலிக்கட்டும், அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இதை மறைத்து நான் எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அதே வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் பயிற்சிக்கு அவள் நொண்டிக்கொண்டு வந்தாள். இடது கால். ஒத்தக் கால். நீங்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தீர்கள். முதலில் யாருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. நான்தான் ஆரம்பித்தேன். "கேப்டன், எந்தக் கால்னு ஞாபகம் வச்சுக்கோ" என்றேன். அதன்பிறகு எல்லாரும் பிடித்துக்கொண்டீர்கள். இரண்டு நாளாக ஒரு பேஜாராகவே இருக்கிறது, வேனில் உட்கார்ந்து வந்தது என்று ஏதோ சொன்னாள். பத்து ரவுண்டு என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். தன் சட்டத்தைத் தானே மீறுகிறவள் அல்ல அவள். ஓடினாள். நாம் கைதட்டி எண்ணினோம். ஏழாவது ரவுண்டில் இடுப்பில் கைவைத்து நின்றாள், மூச்சு வாங்கியது. மணலில் யாருக்குத்தான் மூச்சு வாங்காது? "மூணு பாக்கி" என்று கத்தினேன். மூன்றையும் முடித்தாள்.

பிறகு ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்தாள். முதலில் வலது காலை மிதித்தேன். இடது காலில் ஏறியபோது என் உள்ளங்காலுக்குத் தெரிந்தது. சூடு. சாயங்கால மணலைவிட அந்தக் கால் சூடாக இருந்தது, தோல் இழுத்துக் கட்டியதுபோல் இறுகியிருந்தது. நாற்பது எண்ணிக்கையில் ஒவ்வொரு காலும் எப்படி இருக்கும் என்று என் பாதத்துக்கு மூன்று வருஷப் பழக்கம். தெரியவில்லை என்று நான் சொல்ல முடியாது. தெரிந்தது. முதலாளியின் குரல்கூட ஒரு மூலையில் கேட்டது. அப்போது அவள் தலையைத் திருப்பாமல், "செல்வி, கொஞ்சம் பாத்து" என்றாள்.

மூன்று வருஷத்தில் அவள் அப்படி யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை. என் வேண்டுதல் பலித்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் பொங்கியது. "ஒத்தக் கால் வலிச்சா நடிப்பு, கேப்டன்" என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். அவளும் சிரித்தாள், மணலில் வாயை வைத்துக்கொண்டு. நாற்பதோடு நான் நிறுத்தவில்லை. அறுபதுவரை எண்ணினேன். கடைசிப் பத்து எண்ணிக்கைக்கு நகரவே இல்லை, ஒரே இடத்தில் குதிகாலை வைத்து, படகைப் பிடித்திருந்த கையையும் விட்டுவிட்டு முழு எடையோடு நின்றேன்.

மறுநாள் காலையில் மாமல்லபுரத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே ஹேண்டில்மேல் சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் புருஷன் ஏழுமலை அண்ணனிடம் கேள்வி கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். நீண்ட தூரம் உட்கார்ந்து பயணம் செய்தாரா? அண்ணன் ஆமாம் என்றார். ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா, மாதவிலக்கைத் தள்ளிப்போட, அது மாதிரி? அண்ணன் இல்லை என்றார். அவருக்குத் தெரியாது. காலை யாராவது அழுத்தித் தேய்த்தார்களா? அண்ணன் இல்லை என்றுதான் சொன்னார், ஏதோ எண்ணெய் தேய்ப்பதைக் கேட்கிறார் என்று நினைத்து. டாக்டர் என்னைக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதையே பிடித்துக்கொண்டு வாயை மூடி நின்றேன். சாக்கு ஜாஸ்தி என்று அவள் சொன்னது சரிதான். காலில் கட்டிய ரத்தம் நகர்ந்து போய் நுரையீரலை அடைத்துவிட்டது என்று பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு சொன்னார்கள். அண்ணன் எல்லாரிடமும் அட்டாக் என்று சொன்னார். போஸ்டரிலும் மாரடைப்பு என்றே அடித்துவிட்டார்கள்.

முதலாளியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். கல்லாப்பெட்டியை மூடி வைத்தார். பிறகு, "மிதிக்கலேன்னாலும் அது தானா நகந்திருக்கலாம்மா, யாராலயும் சொல்ல முடியாது" என்றார். என் மூஞ்சியைப் பார்த்தவர் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "ஆனா நீ அனுப்பியிருக்கணும்" என்றார். யாரோ ஒரு விவசாயிக்காக நடுரோட்டில் சண்டை போட்டவள், என் கேப்டனுக்காக வாயைத் திறக்கவில்லை.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், தேன்மொழி, நீதான் காரணம். நீ புதுக் கேப்டன். நேற்று நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். சகுந்தலா ஞாபகமாகப் பத்து ரவுண்டு சட்டம் அப்படியே இருக்கும், போட்டி முடிந்ததும் மிதியும் உண்டு, செல்வி வந்துவிடு என்றாய். பின்னால் யாரோ இரண்டு நாளாக ஒரு கால் மட்டும் வலிக்கிறது என்று சொல்வதும், நீங்கள் எல்லாரும் சிரிப்பதும் கேட்டது. அந்தக் குரல் யாருடையது என்று எனக்குப் பிடிபடவில்லை. யாராக இருந்தாலும், இதைப் படிக்கிறவரை காத்திருக்காதே என்று உங்கள் பத்துப் பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்துவிட்டேன். இரண்டு கால்களையும் புறங்கையால் தொட்டுப் பார். ஒன்று வீங்கியோ சூடாகவோ இருந்தால் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறு. ரவுண்டு ஓடாதே. என்னிடம் மட்டும் வராதே. நான் இனி யார் காலிலும் ஏறப்போவதில்லை.

ஏழுமலை அண்ணா, ஞாயிற்றுக்கிழமை நீங்களும் முன்வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்பீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கடைக்கு வந்தீர்கள். கையில் அவளுடைய கேன்வாஸ் ஷூ. "அவளுக்கும் உனக்கும் ஒரே அளவும்மா, நீயே போட்டுக்கோ" என்றீர்கள். பிறகு சொன்னீர்கள்: "கடைசியா நீதான் அவ காலை மிதிச்சு வுட்ட. அந்த ராத்திரி அவ நல்லா தூங்கினாம்மா." எனக்கு நன்றி சொன்னீர்கள், கையெடுத்துக் கும்பிட்டீர்கள். அதை வாங்கிக்கொண்டு நின்றேன் பாருங்கள், அதைவிடக் கேவலம் என் வாழ்க்கையில் இல்லை. அந்தக் கும்பிடைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என்ன செய்தாலும் எதிர்த்துப் பேசமாட்டேன். மாத்திரை கொடுத்தவள் நான், ஓட வைத்தவள் நான், மிதித்தவள் நான்.

ஷூவை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள். அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான். வலது ஷூவின் கயிறு எல்லாத் துளையிலும் இறுக்கிக் கட்டியிருக்கிறது, எப்போதும் அவள் கட்டுகிற மாதிரி. இடது ஷூவில் கயிறு கடைசித் துளைவரை தளர்ந்து கிடக்கிறது. வீங்கின கால் நுழைவதற்காக அவளே அவிழ்த்துவிட்டது. அன்று மணலிலும் அது அப்படியேதான் கிடந்தது. இடைஞ்சலாக இருந்தது என்று காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் அவள்மீது ஏறினேன்.